உங்கள் முகத்துக்கு வைத்த வெளிச்சம்

நேற்று உங்களை எலுமிச்சம்பழ நிறத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். உங்கள் வருஷத் திதிக்குப் பெரிய படமாக மாட்டலாம் என்று நம் மகள் உங்கள் பழைய படத்தைத் தென்காசியில் ஒரு கடையில் கொடுத்திருந்தாள். காகிதத்தைப் பிரித்ததும் புது மையின் வாடை. உள்ளே யாரோ ஒரு வடக்கத்திக்காரர் உங்கள் மீசையை வைத்துக்கொண்டு நின்றார். கடைக்காரரைப் போனில் பிடித்தேன். "தாத்தாவக் கொஞ்சம் பளிச்சுன்னு ஆக்கியிருக்கேன் ஆச்சி. எல்லாரும் இப்படித்தான் கேக்காங்க" என்றார் பெருமையாக. "அய்யா, அவுகளக் கறுப்பாவே குடுங்க. இந்த மூஞ்சிய வாங்குததுக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது" என்றேன். சாயங்காலமே சரியான படம் வந்துவிட்டது. அதை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நம் கல்யாணப் படம் நினைவிருக்கிறதா? உங்களுக்கு மறக்குமா என்ன. ஐம்பத்தெட்டில், தென்காசியில் எங்கள் வீட்டு முற்றத்தில், மூன்று கால் வைத்த காமிராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டார் ஸ்டுடியோக்காரர். அதற்கு முன்னால் உங்கள் முகத்தில் பவுடரை அள்ளிப் பூசினார்கள். வேர்வையில் அது திட்டுத்திட்டாய் நின்றது. பதினைந்து நாள் கழித்துப் படம் வந்தபோது வீடே கூடிவிட்டது. நான் செதுக்கி வைத்தாற்போல இருந்தேன். என் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு மாலை, இரண்டு கண். அவ்வளவுதான். "மாப்பிள எங்கட்டி?" என்று என் பெரியம்மா கேட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. சிவப்பாகப் பிறந்த கர்வம் அப்போது எனக்கு நிறையவே இருந்தது.

நீங்களும் கூடவே சிரித்தீர்கள். "உன்னைய ஒரு சட்டைக்குக் கட்டிக் குடுத்திருக்காக" என்றீர்கள். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் காமிராவுக்கு முன்னாலும் நீங்கள் நிற்கவில்லை. கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் நேரம் பார்த்துப் பந்திக்குப் போய்விடுவீர்கள். ஒருமுறை உங்கள் பட்டாளத்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினீர்கள். அதிலும் அதே இருட்டுதான். "நம்பர வச்சுத்தான் நான்னு தெரியும்" என்றபோது உங்கள் குரலில் சிரிப்பு இல்லை.

அறுபத்திரண்டு ஆடியில் லீவு முடிய மூன்று நாள் இருந்தது. வடக்கே பனிமலைப் பக்கம் போகச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. எனக்கு ஐந்தாம் மாதம். நீங்கள் வாய் திறக்காவிட்டாலும், சீன எல்லையில் நிலைமை சரியில்லை என்று ஊரே பேசிக்கொண்டது. எனக்கு ஒரே பயம். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு அப்பாவின் முகம் என்று காட்ட என்னிடம் ஒரு சட்டைதான் இருந்தது.

குற்றாலத்துக்குப் போவோம் என்று அடம்பிடித்தேன். நீங்கள் குளித்துவிட்டு வந்தபோது அருவிக்கரையில் படம் எடுக்கிற ஒருவரைப் பேசி வைத்திருந்தேன். செங்கோட்டைக்காரர், உங்களைவிட இரண்டு பங்கு கறுப்பு. அவரைப் பார்த்ததும் நீங்கள் திரும்பி நடந்தீர்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைய எடுத்தா கரிக்கட்டைதான் வரும். விடுட்டி."

"சாரே, அது உங்க முகத்துக் குத்தமில்ல" என்றார் அவர். பையிலிருந்து ஒரு பிலிம் பெட்டியை எடுத்துக் காட்டினார். அதன்மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். "இதுக்குள்ள ஒரு சீட்டு வச்சிருப்பான். எவ்வளவு வெளிச்சத்துக்கு எவ்வளவு நேரம்னு கணக்கு. அந்தக் கணக்கு இவ மூஞ்சிக்குப் போட்டது. அத நம்பி எடுத்தா நம்மாளு இருட்டுலதான் போவான். எங்கம்மாவ எடுத்து மூணு தடவ பாழாக்கின பெறகுதான் எனக்கே புரிஞ்சுது. அன்னைக்கே சீட்டக் கிழிச்சுட்டேன்."

நீங்கள் அந்தப் பெட்டியை வாங்கி வெகுநேரம் பார்த்தீர்கள். "நாலு வருசமா நான் என் மூஞ்சியத்தான் ஏசிட்டிருந்தேன்" என்றீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு, "இவளும் கூட நின்னா நிக்கேன். தனியா நிக்க மாட்டேன்" என்றீர்கள்.

அங்கேதான் சிக்கல். அவர் என்னையும் பார்த்தார், உங்களையும் பார்த்தார். "ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு வெளிச்சம் ஒத்துவராது. அம்மாவுக்கு வச்சா சார் இருட்டுல போவாரு. சாருக்கு வச்சா அம்மா மூஞ்சி வெளுத்துப் போகும். யாருக்கு வைக்கட்டும்?"

"அவுகளுக்கு வைங்க" என்றேன். நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். "பேசாம நில்லுங்க" என்று நான் அதட்டியது அன்றுதான் முதல்தடவை. தலையைத் துவட்டப் போன உங்களிடம், "துண்ட வைங்க சாரே. ஈரம் இருந்தாத்தான் மூக்கும் கன்னமும் நல்லாத் தெரியும்" என்றார் அவர். வெயில் இல்லை. சாரல் பூப்பூவாய் விழுந்துகொண்டிருந்தது.

நீங்கள் ரயிலேறிய மறுநாள் போய்ப் படத்தை வாங்கினேன். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது உறையைப் பிரித்தேன். நீங்கள் இருந்தீர்கள். கன்னத்துக் குழி, நெற்றித் தழும்பு, சிரிப்பை அடக்கும்போது ஒருபக்கம் ஏறும் உதடு, எல்லாம் இருந்தது. கறுப்பாக, அழகாக இருந்தீர்கள். பக்கத்தில் நான் பொட்டு வைத்த வெள்ளைக் காகிதம். வீட்டில் என் அம்மா அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

ஒரு பிரதியை உங்களுக்கு அனுப்பினேன். "எனக்கு எங்க அய்யா ஜாடைன்னு இப்பத்தான் தெரியுது" என்று பதில் எழுதியிருந்தீர்கள். படமே இல்லாமல் செத்துப்போன உங்கள் அப்பாவை அந்தப் படத்தில் நீங்கள் கண்டுபிடித்தது எனக்குத் தோன்றாத விஷயம்.

ஐப்பசியில் சண்டை மூண்டது; கடிதம் வருவது நின்றது. கார்த்திகையில் மகள் பிறந்தாள். தை போய், மாசியும் போனது. தினமும் அவளைத் தூக்கிப் படத்தின் முன்னால் நிறுத்தி "அப்பா" என்பேன். பங்குனியில் ஒருவழியாக உங்கள் கையெழுத்தோடு ஒரு கார்டு வந்தது. அதற்கும் மேலே ஒரு வருஷம் ஆயிற்று நீங்கள் லீவில் வர.

தென்காசி ஸ்டேஷனில் ரயில் நின்றதும் பட்டாளத்து உடுப்பில் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். நீங்கள் பாதியாய் இளைத்திருந்தீர்கள். ஒரு கணம் நானே தடுமாறினேன். என் இடுப்பில் இருந்தவள் தடுமாறவில்லை. இரண்டு கையையும் நீட்டி, ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி "அப்பா" என்று கத்தினாள். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். "ஏட்டி, இவளுக்கு என்னைய எப்படித் தெரியும்?" என்றீர்கள். நான் அவளை உங்கள் கையில் கொடுத்தேன்.

இப்போதும் வீட்டு விசேஷத்தில் யாராவது படமெடுக்க வந்தால், கூட்டத்தில் ரொம்பக் கறுத்த முகம் எதுவென்று தேடி, "மொதல்ல அந்தப் புள்ளைக்கு வெளிச்சம் பாருங்க" என்கிறேன். கிழவிக்கு என்ன தெரியும் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். படத்தில் அந்தப் பிள்ளையின் முகம் வருகிறவரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.