மத்தியானம் இரண்டு மணிக்கு வந்த ஆபிசர்

அன்பு மகள் தினேஸ்வரிக்கு, மலேசியா சித்தியவானிலிருந்து அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் அப்பாவின் முட்டியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். ஜெனிவாவில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம், முழுதும் படி. முதலில் நல்ல செய்தி, எங்கள் வேலை போகவில்லை.

போகவிருந்தது என்பதையே உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. கேட்டவர்களுக்கெல்லாம் வேலை என்ற அந்த அரசாங்கத் திட்டத்தில் நம் பழைய ரப்பர் தோட்டத்துப் பெண்கள் பதினொரு பேர் கால்வாய் சுத்தம் செய்வது, நாங்கள் சொல்லும் லோங்காங் வேலை, உனக்குத் தெரியும். புரட்டாசியில் ஆபிசிலிருந்து கடிதம் வந்தது, செலவுக்கேற்ற வேலை நடக்கவில்லை, வருஷக் கடைசியில் நிறுத்தப் போகிறோம் என்று. மேற்பார்வை பார்க்கும் மிதுலன் தம்பி மூன்று தடவை மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து பார்த்திருக்கிறார், கால்வாயில் ஒரு ஆளும் இல்லை. எப்படி இருப்போம்? எட்டிலிருந்து நாலு வரை என்று தாளில் போட்டிருந்ததை யார் படித்தது! பால்மரம் வெட்டிப் பழகிய உடம்பு, காலை ஆறு மணிக்கே இருட்டோடு தோட்டத்துப் பெரட்டில் பேர் கொடுக்க நிற்கிற மாதிரி கூடி, பேர் சொல்லி எண்ணிக்கொண்டு இறங்குவோம், நான் ஏழாவது. வெயில் ஏறுமுன் அன்றைய அளவை முடித்து, பதினொன்றரைக்கெல்லாம் வீட்டில் உலை வைத்திருப்போம். தோட்டத்தில் வேலை முடிந்தால் வீடுதானே, அது தப்பு என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அந்தக் கடிதத்தைவிட என்னைச் சுட்டது உன் பேச்சுதான் அம்மா. தீபாவளிக்கு முன் போனில், உன் ஆபிசில் இந்த மாதிரித் திட்டங்களைத்தான் நாடு நாடாகக் கணக்குப் பார்ப்பதாகவும், ஏழை நாடுகளால் இந்தச் செலவைத் தாங்க முடியாது, பல இடத்தில் ஆள் பேர்தான் இருக்கும் வேலை இருக்காது என்றும் சொன்னாய். நீ தெரியாமல் சொன்னாய். சும்மா சம்பளம் வாங்கிச் சாப்பிடுகிறவள் என்று பெற்ற பெண்ணே நினைத்துவிடுவாளோ என்று பலகாரம் சுடக்கூடக் கை வரவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் கொட்டியது பார் ஒரு மழை. போன வருஷம் குத்தகைக்காரன் லாரியோடு வந்து கால்வாயை வாரிவிட்டுப் போன பிறகும் எங்களோடு வேலை செய்யும் வீரம்மா வீட்டில் கட்டில் கால் வரை தண்ணீர் நின்றது, இந்த வருஷம் ஒரு வீட்டுக்குள்ளும் வரவில்லை. சேதம் எழுத வந்த மிதுலன் எழுத ஒன்றுமில்லாமல் நின்று, யார் இதைச் சுத்தம் செய்தது என்று கேட்டார். வீரம்மா வாய்தான் உனக்குத் தெரியுமே, நாங்கதான் தம்பி, நீங்க தூங்கி எழுந்து வர்றதுக்குள்ள லோங்காங் வேலை முடிஞ்சிரும் லா என்றாள். பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் ஆறு மணிக்கு டார்ச்சோடு வந்துவிட்டார். சப்பாத்து நிறையச் சேறு, எங்களோடு கடைசி வரை நடந்து நாடா வைத்து அளந்தார். எங்களுக்குத் தருவதைவிட எங்களை எண்ண வர்றவங்களுக்குத்தான் செலவு என்று வீரம்மா குத்தியதற்கும் சிரித்தார். லாரிக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த செலவில் அதிக வேலை நடந்திருக்கிறது என்று அவரே திருத்தி எழுதிப் போட்டு, நேற்றுக் கடிதம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம், வேலை நேரம் ஆறிலிருந்து பன்னிரண்டு. அப்பாடா என்று சாமி மேடை முன்னால் உட்கார்ந்து அழுதே விட்டேன். செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன், மண்வெட்டி, கையுறை, வேன் எல்லாம் காசுதான், அதை நீ கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். பார்க்கும்போது, போய்ப் பார்த்தவர் எத்தனை மணிக்குப் போனார் என்று மட்டும் ஒரு வார்த்தை கேள்.

நீ நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நூறு வயசு நல்லா இரு, அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு. தைப்பூசத்துக்கு வருவதாகச் சொன்னாயே, மறக்காதே. மத்தியானம் வந்து இறங்காதே, வீட்டில் சும்மா இருக்கிற அம்மாவைத்தான் பார்ப்பாய். விடியுமுன் வா, கால்வாய் ஓரம் வந்து பெரட்டில் கூப்பிடுகிற மாதிரி என் பேரைச் சொல்லிக் கூப்பிடு.

இப்படிக்கு
உன் அம்மா கலாதேவி
வேலை எண் ஏழு