கை லிவர்கள் கழற்றப்பட்ட பிளிமத் கார்

அனுப்புநர்:
சு. கனகலட்சுமி, வயது 41,
த/பெ. சுடலைமணி (காலம் சென்றவர்),
கனகா சீட் ஒர்க்ஸ்,
ராஜபாளையம் சாலை, சங்கரன்கோவில்.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
சங்கரன்கோவில்.

பொருள்: எனக்கென மாற்றியமைக்கப்பட்ட 1951 பிளிமத் காரை என்னை ஏமாற்றிப் பெயர் மாற்றியதும், கைக் கட்டுப்பாடுகளைக் கழற்றியதும் – நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் செயலிழந்தவள். பத்தொன்பது ஆண்டுகளாகக் கார் சீட் தைத்துப் பிழைக்கிறேன். மேற்படி கார் என் தந்தை ஓட்டுநராக இருந்த பஞ்சாலை மூடப்பட்டபோது முதலாளியால் அவருக்குக் கொடுக்கப்பட்டு, வாரிசு முறையில் எனக்கு வந்தது.

2. திருவேங்கடம் சாலையில் டிங்கர் பட்டறை நடத்தும் திரு. பேச்சிராஜாவை எனக்குப் பதினோரு ஆண்டுகளாகத் தெரியும். அவர் பட்டறைக்கு வரும் வண்டிகளுக்கு நான்தான் சீட் தைப்பேன். என்னிடம் உள்ள பக்கச் சக்கர ஸ்கூட்டரில் சக்கர நாற்காலியையோ ரெக்சின் சுருள்களையோ ஏற்ற இயலாது. பொருள் வாங்கத் திருநெல்வேலி செல்ல ஒவ்வொரு முறையும் எவரையாவது கேட்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டு, "யக்கா, ஒங்க பிளிமத்துல கியரு ஸ்டீயரிங்கிலயே இருக்கு. மத்ததையும் கைக்குக் கொண்டு வந்துட்டா நீங்களே ஓட்டலாம்லா" என்று சொன்னவர் அவரே. அதுவரை எனக்கு அப்படியொரு எண்ணம் வந்ததில்லை.

3. அமெரிக்காவில் இந்தக் காலத்துக் கார்களை அழகுக்காகத் தரையோடு தாழ இறக்குவார்களாம். கைபேசியில் படங்களைக் காட்டினார். எங்கள் வண்டியை என் சக்கர நாற்காலியின் உயரத்துக்கு, நான்கு அங்குலம் இறக்கினோம். நான் நாற்காலியிலிருந்து நகர்ந்து ஏற வசதியாக, முன் இருக்கையில் ஓட்டுநர் பகுதி மட்டும் தனியே சிறு தண்டவாளத்தில் வெளியே வரும். கியர் லிவரின் முனையில் கிளட்ச் பிடி. வலக்கைப் பக்கம் ஒரே லிவர், தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். இரண்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின. பட்டறையில் தரையில் அமர்ந்து லிவரின் நீளத்தை என் கையை வைத்தே அளந்தார். முன்னும் பின்னும் உள்ள நீள இருக்கைகளை அரக்கு நிற ரெக்சினில் நான் தைத்தேன்.

4. கடந்த பிப்ரவரியில் பழகுநர் உரிமம் பெற்றேன். திரு. பேச்சிராஜா அருகில் அமர்ந்திருக்க, மேலநீலிதநல்லூர் வரை ஓட்டிச் சென்று திரும்பினேன். நாற்பத்தொரு வயதில், என்னை எவரும் அழைத்துச் செல்லாமல், நான் ஒருவரை அழைத்துச் சென்றது அன்றுதான்.

5. 09.06.2025 காலை அவர் என் கடைக்கு வந்தார். அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன். "யக்கா, ஒங்க போனுக்கு நம்பரு வந்திருக்கும், சொல்லுங்க. கை லிவரு மாத்துனதை ஆர்.சி.யில ஏத்துததுக்கு" என்றார். நான் தையல் எந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை. படித்துச் சொன்னேன். அவர் நீட்டிய தாள்களிலும் கையெழுத்திட்டேன். இதில் தங்கள் அலுவலகத்தின் பிழை எதுவும் இல்லை. எண்ணைச் சொன்ன வாய் என்னுடையது.

6. மறுநாள் பெயிண்ட் அடிக்க என்று காரை எடுத்துச் சென்றார். இன்று முடியும், நாளை முடியும் என்று நான்கு வாரம் சென்றது. 06.07.2025 அன்று கோவையில் நடந்த பழைய கார் கண்காட்சியின் காணொளி ஒன்றை வாடிக்கையாளர் ஒருவர் எனக்கு அனுப்பினார். அதில் என் கார் நின்றது. உரிமையாளரும் வடிவமைத்தவரும் தாமே என்று திரு. பேச்சிராஜா பேசினார். இருக்கைகளைப் பற்றிக் கேட்டதற்கு, "சீட்டு தைக்கதுக்கு ஒரு ஆளு வச்சிருந்தேன்" என்றார். கேமரா உள்ளே திரும்பியபோது வலக்கைப் பக்கத்து லிவர் இல்லை. நான் சொன்ன எண்ணையும் கையெழுத்தையும் கொண்டு கார் அவர் பெயருக்கு மாற்றப்பட்டிருப்பதை அதன் பிறகே இணையத்தில் பார்த்து அறிந்தேன்.

7. மறுநாளே ஸ்கூட்டரில் பட்டறைக்குச் சென்றேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட மனம் ஓரளவு ஆறியிருக்கும். "உரிமையாளர் பேருலதான் கண்காட்சியில சேத்துக்கிடுவாவ. லிவரு இருந்தா ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருக்குன்னு சொல்லிருவாவ யக்கா. நீங்க இதை எங்கன ஓட்டப் போறீய? வண்டி நாலு பேரு கண்ணுல பட வேண்டாமா?" என்று கேட்டார். என் கை அளவுக்குச் செய்த லிவர் பழைய இரும்புக் குவியலில் கிடந்தது. ஸ்கூட்டரில் இருந்தபடியே நானே குனிந்து எடுத்து வந்தேன். கிளட்ச் பிடி கிடைக்கவில்லை.

8. அந்தக் காரில் கை லிவரே இருந்ததில்லை என்று அவர் இப்போது ஊரில் சொல்லி வருவதாக அறிகிறேன். ஸ்டீயரிங் தண்டில் லிவர் பொருத்திய நான்கு துளைகளைப் புட்டிப் பசை வைத்து அடைத்திருப்பதை அன்று பட்டறையில் நின்ற காரில் பார்த்தேன். சுரண்டிப் பார்த்தால் தெரியும்.

9. என் பழகுநர் உரிமம் 11.08.2025 அன்று முடிகிறது. 04.08.2025 அன்று எனக்கு ஓட்டுநர் தேர்வு. நான் ஓட்டப் பழகியது இந்த ஒரு வண்டியில்தான்.

ஆகவே, தாங்கள் அந்தக் காரை நேரில் ஆய்வு செய்து, பெயர் மாற்றத்தை ரத்து செய்யவும், லிவர்களை மீண்டும் பொருத்தச் செய்து காரைத் தேர்வு நாளுக்குள் என்னிடம் ஒப்படைக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். அதற்குள் இயலாதெனில், தேர்வுக்கு வேறு நாள் தர வேண்டுகிறேன்.

திரு. பேச்சிராஜா மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்படி பலர் சொல்கிறார்கள். இன்னும் கொடுக்கவில்லை. விசாரணையில் எங்கள் இருவரையும் எதிரெதிரே அமர வைத்து, அந்த வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்ற ஒரு கேள்வியை மட்டும் அவரிடம் கேளுங்கள். என் முகத்தைப் பார்த்து அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கேட்ட பிறகு, காவல் நிலையம் போவதா என்று முடிவு செய்வேன்.

தங்கள் அழைப்பை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
சு. கனகலட்சுமி

இடம்: சங்கரன்கோவில்
நாள்: 21.07.2025

இணைப்பு: வாரிசுச் சான்று, பழைய பதிவுச் சான்று, பழகுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்கள், நான் காரை ஓட்டும் புகைப்படங்கள் மூன்று (ஒன்றில் அருகில் சிரித்தபடி இருப்பவர் திரு. பேச்சிராஜா).