இவர் குறை சொல்லாத இடம்

தை 4, திங்கள். செம்மேடு.

பனி. வெயில் ஏறியும் எதிர்வீடு தெரியவில்லை. துவைத்த சேலை இன்னும் ஈரம். கடைக்காரர் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு எலி. மூன்றில் எலிதான் நல்ல நிலைமையில் இருக்கிறது.

வாங்க: உப்பு, மண்ணெண்ணெய், மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை. (மாத்திரை சாப்பிட்டுவிட்டதாக இவர் சொல்வது பொய். தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தேன்.)

இவர் சர்வே உத்தியோகத்தை விட்டு வருகிற பங்குனியோடு ஒரு வருஷம். கல்யாணமான நாளிலிருந்து கூடாரமும் வாடகை வீடும்தான் எங்களுக்கு. மழைக்கு ஒரு ஊர், வெயிலுக்கு ஒரு ஊர். அவர் முன்னால் போவார், நான் பாத்திரத்தோடு பின்னால் போவேன். பென்ஷன் வந்ததும் ஓர் இடத்தில் உட்காரலாம் என்றார். அன்றிலிருந்து உட்கார இடம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

இதுவரை பார்த்தவை:
ராசிபுரம். என் அண்ணன் ஊர். தண்ணீர் உப்பு.
ஆத்தூர். வெயில்.
சேந்தமங்கலம். இவருடைய சொந்தக்காரர்கள்.
நாமக்கல். கொசு. கொசு இல்லாத ஊரைச் சர்க்கார் இன்னும் அளக்கவில்லை என்றேன்.

இப்போது கொல்லிமலை. ஏறி வந்ததில் முழங்கால் வீங்கிவிட்டது. எனக்கு மலையானாலும் ஒன்றுதான், கீழ்நாடானாலும் ஒன்றுதான். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். அது துருப்பிடிக்கிற வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

தை 5, செவ்வாய்.

குண்டனி நாடு என்கிற மலையூருக்கு நடந்தோம். வெள்ளையன் என்று ஒரு குடியானவர். மிளகு, சாமை, கொஞ்சம் வாழை. அவர் வீட்டுக்குக் கீழே ஒரு மேடு, கிழக்கே பார்த்து. பக்கத்தில் ஓடை. பிடித்துப்போனது இவருக்குத் தெரியக்கூடாதென்று குனிந்து செருப்பில் முள் தேடினேன்.

வெள்ளையன் சொன்னது: "விக்கறதெல்லாம் எங்களுக்கு வழக்கமில்லீங்க. ஊடு கட்டிக்கிட்டு இருந்துக்குங்க. நீங்க ரெண்டு பேரும் இருக்கற வரைக்கும் உங்களுது. அப்பறம் மண்ணு எங்களுக்கு வந்தரோணும்."

"பட்டா?" என்றார் இவர்.

"ஊர்ச்சனத்தோட எல்லையைச் சுத்தி நடப்போமுங்க. வெறுங்காலோட. ஒவ்வொரு எல்லையும் தொட்டுச் சொல்லுவோம். அப்பறம் சோறு. அம்புட்டுத்தானுங்க."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆயுசு முழுக்க ஊரார் நிலத்துக்குக் கல் நட்டவர்.

வெள்ளையன் சம்சாரம் காத்தாயி, எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். இல்லை என்றேன். உச்சுக்கொட்டவில்லை. "அப்பப் பெரிய ஊடு வேண்டாமுங்க. கூட்டிப் பெருக்க ஆள் வேணுமல்ல" என்றாள். அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது.

திரும்பும்போது, இருக்கிற வரைக்கும்தானே, இதுவும் ஒரு கேம்ப், கொஞ்சம் நீளமான கேம்ப் என்றேன். இவர் சிரிக்கவில்லை.

தை 7, வியாழன்.

விடியும் முன்பே எழுந்து போய்விட்டார். சூரியோதயம் பார்க்க என்றார். இவராவது, சூரியோதயமாவது. பெட்டியைத் திறந்தேன். ஏலத்தில் எடுத்த பழைய அளவுச் சங்கிலி இல்லை.

மேட்டுக்கு ஓடினேன், இந்த முழங்காலோடு. அதற்குள் காரியம் முடிந்திருந்தது. பலாமரத்தடியில் சங்கிலியின் ஒரு முனை, ஓடைக்கரையில் மறுமுனை, நடுவே சிவப்புத் துணி கட்டிய குச்சி. செருப்புக் காலோடு நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மேலே ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்று பார்க்கிறார்கள்.

வெள்ளையன் வந்தார். "அளக்கறீங்களா?"

"என் திருப்திக்குத்தான்."

"வரி எப்பங்க வரும்?"

இவர் பென்ஷனைப் பற்றி விளக்கினார். சர்க்காருக்கும் தனக்கும் இனிச் சம்பந்தமில்லை என்றார். கேட்டுக்கொண்டார்கள். நம்பவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சாயங்காலம் கடையில் யாரோ: "பென்சன்னு சொல்லிக்கிட்டுத்தான் முதல்ல வருவானுங்க. பின்னாலயே தொரை வருவான்."

தை 8, வெள்ளி.

பால் வரவில்லை. கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. காத்தாயி வீட்டுக்குப் போனேன். உள்ளே உலக்கைச் சத்தம். கூப்பிட்டேன். சத்தம் நின்றது. ஆள் வரவில்லை.

திரும்பி வந்தால் இவர் பெட்டி கட்டுகிறார். சீட்டி அடித்துக்கொண்டு.

"இந்தச் சனத்தோட நமக்கு ஒத்து வராது புள்ள. பச்சைமலை நல்லாருக்குதாம். துறையூர்ப் பக்கம் எறங்கிப் போயிரலாம்."

வாசலிலேயே நின்றுவிட்டேன். எல்லா ஊரிலும் கிளம்புகிற அன்றைக்கு அடித்த அதே சீட்டிதான். உப்புத் தண்ணீர், கொசு, சொந்தக்காரர்கள், ஒன்றும் இல்லை. இவருக்கு இடம் கிடைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

முதலில் ஆத்திரம். பிறகு பாவமாக இருந்தது. நடக்கிற வரைக்கும்தான் தான் ஓர் ஆள் என்று நினைக்கிறாரோ என்னவோ. உட்கார்ந்தால் கிழவன்.

ராத்திரி களி.

தை 9, சனி.

சொல்லிவிட்டேன். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. நான் வரலீங்க."

புரியவில்லை அவருக்கு. முழங்காலா என்றார். முழங்கால் இல்லை என்றேன். குளிரா? குளிரும் இல்லை.

"தனியா இங்க என்ன பண்ணுவ?"

"காத்தாயி இருக்கா."

"அவதான் பேசறதில்லையே."

"பேசுவா."

பெட்டியைத் தூக்க ஆள் வந்தாயிற்று. வாசல் வரைக்கும் போனார். திரும்பி வந்து, குடையை மறந்ததாகச் சொல்லி எடுத்தார். மறுபடி போனார். அவர் முதுகை எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன், எப்போதும் பின்னால் நடந்தபடி. நின்ற இடத்திலிருந்து பார்த்தது இன்றைக்குத்தான். பாதை வளைவில் சின்னதாகிப் போனார்.

அழுதேன். பிறகு பசித்தது. சாப்பிட்டேன்.

வராமலே இருந்துவிட்டால்? எழுதி வைத்துவிட்டால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

தை 11, திங்கள்.

மூட்டத்தில் கொஞ்சம் வெயில். காத்தாயி வீட்டு வாசலில் மிளகு குவித்திருந்தது. கூப்பிடவில்லை. போய் உட்கார்ந்து காம்பிலிருந்து மிளகை உருவ ஆரம்பித்தேன். அவள் எதிரே உட்கார்ந்து அவள் பங்கை உருவினாள். விரலெல்லாம் எரிச்சல். தெரியாமல் கண்ணைத் துடைத்துவிட்டேன், அதற்குப் பிறகு கேட்பானேன். அவளே தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

"அவரு போயிட்டாருங்களா, சங்கிலியோட?"

"போயிட்டாரு. கனமுன்னு சங்கிலியை இங்கயே விட்டுட்டாரு. அதை என்ன பண்றதுன்னு நீயே சொல்லு."

யோசித்தாள். "எருமை கட்ட ஆகுமுங்களா?"

ஆகும் என்றேன். மத்தியானமே கொண்டுபோய்க் கொடுத்தேன். இவர் வந்து என்ன சொல்வாரோ. வந்தால்தானே.

மேட்டுக்கு எல்லை நடக்கலாமா என்று கேட்டேன். வெள்ளையன் தயங்கினார். "எல்லை நடக்க ஆம்பளை வேணுமுங்களே."

"இருக்கப்போறது அந்தம்மாதான? அவுங்களே நடக்கட்டும்" என்றாள் காத்தாயி, மிளகிலிருந்து தலை தூக்காமல்.

தை 14, வியாழன்.

நடந்தேன். ஊர்ச்சனம் பத்துப் பேருக்குள். காலெல்லாம் பனி ஈரம், சில்லென்று. பலாமரத்தை வெள்ளையன் தொட்டார், நான் தொட்டேன். வழுக்குப் பாறை. ஓடை. ஒரு கறையான் புற்று. நாலையும் தொட்டாயிற்று. பாறையில் வழுக்கப் பார்த்தேன், காத்தாயி பிடித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்.

சாமைச் சோறு, அவரைக் குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு வீட்டுக்கு நாலு மூலைக்கும் குச்சி நட்டோம். அடுப்பங்கரைக்குத் தனியாக ஒரு குச்சி, மேற்கு மூலையில். நட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தேன். கூரை இல்லை, சுவர் இல்லை. ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை. இவரும் இருந்திருக்கலாம். கோபம் இருக்கிறது, ஆனாலும் இருந்திருக்கலாம்.

தை 16, சனி.

வந்துவிட்டார். மத்தியானம். தாடி, புழுதி, கிழிந்த குடை. சோறு போட்டேன். பாதி சாப்பிட்ட பிறகு கேட்டேன்.

"பச்சைமலை எப்படி?"

"தண்ணி நல்லாருக்குது. காத்து நல்லாருக்குது. சனங்க தங்கமானவங்க."

"என்ன குறை?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "குறையே இல்ல."

"பின்ன ஏனுங்க வந்தீங்க?"

மோர் கேட்டார். ஊற்றினேன். கை கழுவும்போது, "சோத்துக்கு உப்புப் போடக்கூட அங்க யாருக்கும் தெரியல" என்றார். குறையே இல்லாத மலையில்.

நடந்ததெல்லாம் சொன்னேன், சங்கிலியைத் தவிர. இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். போனோம். வெள்ளையன் வீட்டருகே முன்னால் போனவர் நின்றார். எருமையைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன். மேட்டுப் பக்கம் நடந்தார்.

மேட்டு ஓரத்தில் செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை. குச்சிகளைச் சுற்றி ஒரு நடை. இன்னொரு நடை. ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது.

"அடுப்பங்கரையைக் கொண்டுபோயி மேக்கால வச்சிருக்கறியே. ஆடிக் காத்து அங்கிருந்துதான் அடிக்கும். பொகை பூரா ஊட்டுக்குள்ளதான்."

"ஆடிக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குதுங்க" என்றேன்.

"இருக்கட்டும்" என்று குனிந்து அடுப்பங்கரைக் குச்சியைப் பிடுங்கினார். கிழக்கு மூலைக்குக் கொண்டுபோய், கல்லால் அடித்து இறக்கினார்.