துளை இல்லாத மொட்டு

மார்ச் 4
நான்கு வெற்றிலைச் செல்லப் பெட்டிகளில் பூங்கொடி செதுக்கி முடித்தேன். பித்தளை வெட்டுவதும் பற்றவைப்பதும் என் வீட்டுக்காரர். மூடியின் கைப்பிடி ஒரு மொட்டு, உள்ளே வெற்றிடம். நெருப்பில் காட்டும் முன் ஊசித் துளை போடாவிட்டால் உள்காற்று சூடேறி வெடித்துவிடும். பாதி நாள் மறந்துவிடுகிறார். நான்தான் சத்தமில்லாமல் போட்டு வைக்கிறேன். தொழிலில் புலி என்று ஊர் சொல்கிறது. சொல்லட்டும்.

மார்ச் 9
செல்லம் வாங்க வந்தவர் முன்னால் இவர் ஒரு மொட்டை நெருப்பில் காட்டப் போனார், எனக்கு வாய் தவறிவிட்டது. "இதுல துளை போடலீங்க" என்றேன். அவர் போகும்வரை இவர் சிரித்துக்கொண்டிருந்தார். படியிறங்கியதும் சுத்தியல் பிடியால் அடித்தார். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரி இருக்கிறது.
"இனி என் வேலையில வாய வச்சே, பல்லு இருக்காது."

மார்ச் 10
மாமியார் எண்ணெய் தேய்த்துவிட்டார். "அடுத்தவங்க முன்னால குறை சொன்னா எந்த ஆம்பள பொறுப்பான்?"

மார்ச் 17
என் மக வாலுவ அடிச்சுட்டான். ஆறு வயசுப் பிள்ளை. துடைச்சு வச்ச மூடியில விரல் பட்டுடுச்சாம். அந்த மூடியாலேயே அடிச்சான். புருவத்துல மூணு தையல். டாக்டர்கிட்ட "படியில விழுந்துட்டா"ன்னு அவன் சொல்றான், நானும் தலையாட்டறேன். என்ன தாய் நான்?

மார்ச் 21
காலை பதினொரு மணி. பற்றவைக்க ஊதுகுழலை எடுத்தார். மொட்டில் துளை இல்லை. கை வீங்கியதிலிருந்து நான் எதையும் தொடவில்லை.
"என்ன பார்க்கற?"
"ஒண்ணுமில்ல."
மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தேன். வாசலைத் தாண்டியதும் வெடித்தது.

மார்ச் 22
இவருக்கு இரண்டு கண்களும் போய்விட்டன. "பக்கத்துலதானே இருந்தே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று மாமியார் மாரில் அடித்துக்கொள்கிறார். நானும் அழுதேன். நிஜமாகவே அழுதேன். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 30
தண்ணீர் கொடுக்கத் தாமதமாம், கை ஓங்கினார். அரையடி நகர்ந்தேன். கை சுவரில் மோதி ரத்தம். துணி கொண்டுவந்து கட்டினேன்.
"அன்னிக்குத் துளை இல்லன்னு உனக்குத் தெரியுமா?"
"தெரியும்."
மறுபடி ஓங்குவார் என்று காத்திருந்தேன். ஓங்கவில்லை. மிச்சத் துணியைக் கொடியில் போட எழுந்தேன். என் வளையல் சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.