பதினான்காம் திகதி அம்மா எங்கே இருந்தார்

6 மே 2025, செவ்வாய்

என் வரலாற்றுக் கட்டுரையை எடுக்கப் போனபோது பிரின்டரில் வேறொரு தாள் கிடந்தது. மேலே அம்மாவின் முழுப்பெயர். அதற்குக் கீழே பொலிஸ் என்ற சொல். மிச்சத்தை வாசிக்குமுன் அம்மா வந்து தாளைக் கவிழ்த்து வைத்தார்.

சாப்பிடும்போது கேட்டேன். "நான் ஒரு குற்றமும் செய்யேல்லை எண்டு பொலிஸ் தாற கடிதம். இந்த வேலைக்கு அது வேணும். ஆனந்தராஜா அங்கிள் வருசா வருசம் புதுசு கேப்பார்" என்றார்.

"உங்கட அம்மா பாங்கை உடைக்கேல்லையாம். காசு குடுத்துத்தான் அதை நிரூபிக்க வேண்டிக் கிடக்கு" என்றார் அப்பா.

இந்த வேலை என்றால் வீட்டுக்கடன் தரகர் வேலை. பாங்குகளோடு பேசி, வீடு வாங்குகிறவர்களுக்குப் பொருத்தமான கடனை எடுத்துக் கொடுப்பது. படிப்பை அம்மா போன வருடமே முடித்துவிட்டார். ஆனால் அனுபவமுள்ள தரகர் ஒருவரின் கீழ் இரண்டு வருடம் பழகினால்தான் தனியாகச் செய்ய விடுவார்கள். அந்த அனுபவமுள்ளவர் ஆனந்தராஜா அங்கிள். பதினைந்து மாதம் போய்விட்டது, ஒன்பது மாதம் இருக்கிறது. குளிர்பெட்டியில் ஒட்டிய கலண்டரில் அம்மா ஒவ்வொரு மாதத்தையும் சிவப்புப் பேனையால் வெட்டுகிறார். முடிந்ததும் மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலையை விடுவார். நோவுக்கு மணிக்கட்டில் பட்டி கட்டாமல் நித்திரை கொள்ளுவார்.

எல்லாம் விளங்குகிறது. ஆனால் ஏன் கவிழ்த்தார்?

7 மே, புதன்

இந்தக் கொப்பிக்குள் என் தலைமுடி ஒன்றை வைத்திருக்கிறேன். யாராவது திறந்தால் விழுந்துவிடும்.

18 மே, ஞாயிறு

ஆனந்தராஜா அங்கிள் வேலை செய்யும் கந்தோருக்கு அம்மாவோடு போனேன். கந்தோர் என்றால் அவருடைய வீட்டுக் கராஜ்தான், கம்பளம் விரித்து ஏசி போட்டிருக்கிறது. சுவரில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் கொடுத்த நன்றிப் பலகை. ஒவ்வொரு வருடமும் பேச்சுப்போட்டிக் கிண்ணங்களை அவர்தான் வாங்கித் தருவார்.

"மிருணாளினி, கதிரையில இரும். பற்றீஸ் சாப்பிடும். என்ன, எப்ப பார்த்தாலும் புத்தகம்?" என்றார். புத்தகத்துக்கு மேலால் பார்ப்பதுதான் வசதி என்று நான் சொல்லவில்லை.

ஒரு கட்டுத் தாள். மஞ்சள் ஒட்டித்துண்டு இருக்கிற இடங்களிலெல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டார். பதினொரு ஒட்டி. சில தாள்களில் பெயருக்கும் திகதிக்குமான கோடுகள் வெறுமையாக இருந்தன. அம்மா ஒரு தாளைத் தூக்கி வாசிக்கத் தொடங்கினார்.

"யோகா, இதுகளை வாசிக்க வெளிக்கிட்டா நீர் தைப்பொங்கலுக்குத்தான் வீட்ட போவீர்" என்றார் அங்கிள். அம்மா சிரித்துவிட்டுத் தாளை வைத்தார்.

காரில் கேட்டேன், ஏன் வாசிக்கவில்லை என்று.

"அவர் எனக்காக ஞாயிற்றுக்கிழமை மினக்கெடுறார். தேத்தண்ணியும் தந்து முன்னால இருக்கிற மனுசனுக்கு முன்னால ஒவ்வொரு தாளா வாசிச்சா, உங்களை நம்பேல்லை எண்டு முகத்துக்கு நேர சொன்ன மாதிரி எல்லோ?"

பள்ளிக்கூடத்தில் கேள்வியை வாசிக்காமல் விடை எழுதினால் புள்ளியைக் குறைக்கிறார்கள். அங்கே யாரும் பற்றீஸ் தருவதில்லை என்பதும் உண்மைதான்.

14 ஜூன், சனி

பேச்சுப்போட்டி. மூன்றாமிடம். ஓர் இடத்தில் மறந்து நின்றேன். முன்வரிசையில் இருந்த அம்மா வாயசைத்து அடுத்த சொல்லைத் தந்தார். நடுவர் பார்த்திருப்பார், அதுதான் மூன்று. இரண்டு மணிக்குத் தொடங்கியது, பரிசு தர நாலரை. நல்ல மழை. குடையை அம்மா பிடித்தார், கிண்ணத்தை நான் பிடித்தேன்.

5 ஜூலை, சனி

விடுமுறை. அம்மா தன் பயிற்சிக் கோப்பைத் தந்து, அங்கிள் அனுப்பிய புதுத் தாள்களுக்குத் துளை போடச் சொன்னார். "வாசிக்கக் கூடாது. மற்ற ஆக்களின்ர விசயம்." ஓம் என்றேன்.

வாசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஒரு தாளை வாசித்துவிட்டேன். எழுத்துகள் கண்ணுக்குள் தாமாக வந்தால் நான் என்ன செய்வது? வாடிக்கையாளர்: லக்சன். மெரிலேண்ட்ஸில் நேரில் சந்தித்து, வரவு செலவு எல்லாம் கேட்டறிந்தேன். ஜூன் 14, பிற்பகல் மூன்று மணி. ஒரு மணி பத்து நிமிடம். கீழே அம்மாவின் கையெழுத்து.

ஜூன் 14?

6 ஜூலை, ஞாயிறு

மேலே எழுதியதைப் பத்துத் தரம் வாசித்தேன். போட்டிக்கு நடுவில் அம்மா வெளியே போனாரா? காரை மாற்றி நிறுத்த ஒருமுறை போனார், ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் மெரிலேண்ட்ஸ் போய் வர முடியாது. நான் திகதியைப் பிழையாக எழுதினேனா? கிண்ணத்திலும் 14 என்றுதான் இருக்கிறது.

கையெழுத்து அம்மாவுடையதுதான். அந்த வால் வேறு யாருக்கும் வராது.

இன்றைக்கு முழுவதும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பருப்புக் கழுவினார். தொலைபேசியில் சின்னம்மாவோடு சிரித்தார். பொய் சொல்கிறவர்கள் எப்படிப் பருப்புக் கழுவுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா பொய் சொல்வாரா? பல் பிடுங்கும்போது நோகாது என்றார். நொந்தது.

பொலிஸ் கடிதம் வேறு.

12 ஜூலை, சனி

மெரிலேண்ட்ஸ் கடைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு அண்ணா. கல்லாவில் நின்ற அங்கிள் அவரிடம், "என்ன லக்சன், வீட்டுக்கடன் சரிவந்திட்டுதாம்" என்றார்.

"ஓம் அங்கிள். ஆனந்தராஜா அங்கிள் எல்லாத்தையும் போனிலயே முடிச்சுத் தந்திட்டார். பத்து நிமிசம். ஒருத்தரையும் போய்ப் பார்க்க வேண்டி வரேல்லை."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையில் இருந்த முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லக்சன் அண்ணா திரும்பினார். அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார். "கொஞ்சம் விலகுங்கோ அன்ரி, அந்தப் பாணை எடுக்க வேணும்" என்றார்.

அம்மா விலகினார். ஒரு மணி பத்து நிமிடம் முன்னால் இருந்து பேசிய ஆளை லக்சன் அண்ணாவுக்குத் தெரியவில்லை. முருங்கைக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

13 ஜூலை, ஞாயிறு

கொப்பிக்குள் முடி இல்லை.

14 ஜூலை, திங்கள்

அம்மா கட்டிலில் வந்து இருந்தார். மடியில் கோப்பு.

"உன்ர கொப்பியை வாசிச்சனான். பிழைதான். நீயும் என்ர கோப்பை வாசிச்சனி." பிறகு, "நீ என்னைச் சந்தேகப்பட்டனி, என்ன?"

ஓம் என்றேன். அழுகை வந்தது. ஏன் எனக்கு வருகிறது? செய்தது நானில்லையே! அம்மா அழவில்லை. கோப்பை விரித்து, "மற்றதுகளையும் பார். எனக்குத் திகதி நினைவில்லை. நீதான் எல்லாத்தையும் எழுதி வைச்சிருக்கிறாய்" என்றார்.

இந்தக் கொப்பியையும் அம்மாவின் போனையும் பக்கத்தில் வைத்து இரண்டு பேருமாகப் பார்த்தோம். மே 29: நான் காய்ச்சலில் கிடந்தேன், அம்மா லீவு எடுத்துப் பக்கத்தில் இருந்தார். ஜூன் 21: நார்த்மீட்டில் பிறந்தநாள் வீடு. பதினொரு தாளில் ஏழு பேரை அம்மா கண்ணாலும் கண்டதில்லை. அந்த ஏழும், பெயரும் திகதியும் வெறுமையாகக் கிடந்த மஞ்சள் ஒட்டித் தாள்கள்.

"அந்த ஆக்களால கடனைக் கட்ட ஏலுமோ எண்டு நேரில இருந்து கேக்கிறதுதான் இந்த வேலை. ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டது நான் எண்டு கையெழுத்து மட்டும் கிடக்கு."

15 ஜூலை, செவ்வாய்

அம்மா குசினியில் நின்று அங்கிளுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டது எனக்காகவா, சாட்சிக்கா, தெரியவில்லை.

"நீர் இன்னும் குழந்தைப்பிள்ளை மாதிரி யோகா. எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறவை. ஆருக்கு நட்டம்? பெடியனுக்கு வீடு, உமக்கு லைசன்ஸ்."

"அந்தத் தாள்களைத் திருப்பி எடுங்கோ அண்ணை."

"எடுக்கலாம். அப்ப உம்மட பதினேழு மாசத்துக்கும் நான் கையெழுத்து வைக்க மாட்டன். யோசியும்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

20 ஜூலை, ஞாயிறு

அப்பா: "இன்னும் ஏழு மாசம். வாயை மூடிக்கொண்டு முடிச்சிட்டு, பிறகு நேர்மையாச் செய்யன்."

அம்மா: "பிறகு ஒவ்வொரு வருசமும் பொலிஸ் கடிதம் எடுத்து, நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு காட்டுறதோ?"

அப்பா புல் வெட்டப் போய்விட்டார். இந்த ஜூலைக் குளிரில் எங்கே புல்?

2 ஓகஸ்ட், சனி

குளிர்பெட்டியில் கலண்டர் இல்லை.

9 ஓகஸ்ட், சனி

அங்கிள் எந்த நிறுவனத்தின் லைசன்ஸில் வேலை செய்கிறாரோ, அவர்களுக்கு அம்மா கடிதம் எழுதினார். எழுத்துப்பிழை பார்க்கத் தந்தார். முதல் வரி: இந்தத் தாள்களில் வாசிக்காமல் கையெழுத்திட்டது நான்.

அந்த வரியை எடுக்கச் சொன்னார் அப்பா. தானே தன்னை மாட்டிவிடுவது போல இருக்கிறதாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா எடுக்கவில்லை. ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

30 ஓகஸ்ட், சனி

தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் அன்ரிமார் அம்மாவைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். மாற்றுவதற்கு முந்திய பேச்சு என் காதில் விழுந்தது. "செய்த உதவிக்கு நல்ல கைம்மாறு."

நிறுவனத்தில் இருந்து பதில் வந்தது. விசாரிக்கிறார்களாம். அம்மாவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. பதினேழு மாதத்தில் ஒரு மாதமும் கணக்கில் வராது. வரவு செலவு கேட்க லக்சன் அண்ணாவை யாரோ நேரில் கூப்பிட்டிருக்கிறார்கள்.

றிஃப்னா அன்ரி என்று ஒரு தரகர், காத்தான்குடிக்காரர், அம்மாவைத் தன் கீழே எடுக்க யோசிக்கிறார். அந்தக் கடிதத்தையும் எச்சரிக்கையையும் கொண்டுவரச் சொன்னாராம். வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். யாருக்குத் தெரியும், இவருக்கும் ஒரு கராஜ் இருக்கலாம்.

20 செப்ரெம்பர், சனி

றிஃப்னா அன்ரியின் கந்தோர் மெரிலேண்ட்ஸில் ஒரு பல் வைத்தியசாலைக்கு மேலே. நான் வெளியே கதிரையில் புத்தகத்தோடு இருந்தேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது.

ஒரு கட்டுத் தாளை அம்மாவின் முன்னால் வைத்தார். ஒட்டி ஒன்றும் இல்லை. தேத்தண்ணி வந்தது. அம்மா பேனையை எடுத்தார், பிறகு வைத்தார்.

"நான் இதை வாசிச்சிட்டு..." என்று இழுத்தார்.

"வாசிக்காம எப்படி? வாசிங்க. தேத்தண்ணி ஆறினா வேற ஊத்தலாம்" என்றார் றிஃப்னா அன்ரி.

ஐம்பத்திரண்டு நிமிடம். தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது. பிறகு, மூன்று மணிக்கு, வீட்டுக்கடனுக்காக ஒரு குடும்பம் வந்தது. கதவைச் சாத்திவிட்டார்கள், அது என் விசயம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மணிக்கட்டுப் பட்டியை இறுக்கிக் கட்டினார். நாளைக்குக் கிடங்கு. குளிர்பெட்டியில் புதுக் கலண்டர். இருபத்திநான்கு மாதம், ஒன்றிலும் சிவப்பு இல்லை.

"எழுதிப் போட்டியோ?" என்று குசினியில் இருந்து கேட்டார். "மூண்டு மணி. மெரிலேண்ட்ஸ். நேரில."

எழுதிவிட்டேன். மை காயட்டும் என்று கொப்பியை மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். முடி வைக்கவில்லை.