செபமாலை முடியும்வரை மிதந்த ஈ

இயேசு, மரி, சூசை துணை

குளச்சல்,
3-5-2025.

அன்பு மகள் ரெஜிஷாவுக்கு,

அம்மா வரைவது. இறையருளால் நானும் உன் அப்பாவும் உடல்நலத்தோடும் அன்றாடச் சிறு சண்டைகளோடும் இருக்கிறோம். ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும், சண்டைக்கு ஆளில்லாவிட்டாலும், அவ்வண்ணமே நலமாயிருக்க வேண்டுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி தைலத்துக்கு அடங்கியிருக்கிறது. முருங்கை காய்த்துத் தொங்குகிறது, பறித்துக் கொடுத்தே என் கை ஓய்கிறது. இரவுப்பணி முடிந்து வந்ததும் உண்ணாமல் உறங்கிவிடாதே. விடுப்பு முடிந்து திங்களன்று உன் ஊருக்குத் திரும்பும் எபிசன் இக்கடிதத்தையும் கூடவே ஒரு சிறு டப்பாவையும் உன் கையில் சேர்ப்பான்.

டப்பாவில் இருப்பவை நான் கட்டிய ஈக்கள். ஓய்வுநாளில் ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்கப் போவதாகவும், தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி, தண்ணீரில் மிதக்கும் ஈயைப்போல ‘டிரை ஃபிளை’ கட்டப் பழகுவதாகவும், கட்டியதெல்லாம் அவிழ்ந்துபோவதாகவும் நீ தொலைபேசியில் வருந்தினாய் அல்லவா? எங்களுக்குக் காட்டவென்று எபிசனிடம் நீ கொடுத்தனுப்பிய குட்டி முட்களைக் கண்டதும், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டும் தமிழை நானே கற்றுத் தேர்ந்த எனக்கு இது மட்டும் கைவராதா என்று முனைந்தேன். அப்பா ஒரு முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, “ஏட்டி, இது மீனு புடிக்கவா, கொசு புடிக்கவா?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் பந்தயம் பிறந்தது. நீ எத்தனையோ முறை அழைத்தும் அவர் வர மறுப்பதன் காரணம் நீ அறிந்ததே. ஆழ்கடலிலேயே வாழ்ந்த மனிதருக்கு விமானத்தில் ஏற அச்சம். “கடலுல விழுந்தா நீந்தலாம், ஆகாசத்துல விழுந்தா எங்க நீந்த?” என்பதே அவர் வாதம். நான் கட்டும் ஈ மிதந்தால் மகளைப் பார்க்க வருவீர்களா என்று கேட்டேன். “செபமால முடியதுவர முங்காம கெடந்தா வாறேன், மாதாவாண” என்றார். முங்கிவிடும் என்ற திண்ணம் அவருக்கு.

முங்கத்தான் செய்தது. மாதா சுரூபத்தின் முன் தண்ணீர்ச் சட்டியில் இட்ட முதல் ஈ, செபமாலையின் முதல் பத்து மணி உருளும்வரைகூட நிற்கவில்லை. பிழை என்னுடையதே. நம் கரையில் சூரை மீன் இழுத்தாலும் அவிழாதபடி சுற்றுமேல் சுற்றாய் இறுக்குவோமே, அவ்வாறே இறுக்கி, தூண்டில் நரம்பு கோர்க்கும் முள்ளின் கண்ணையும் நூலால் மூடிவிட்டேன். இறகும் பக்கத்து வீட்டு வேளாங்கண்ணியின் பெட்டைக்கோழி இறகு, பஞ்சைப்போலத் தண்ணீர் குடித்தது. “பிரகாசி, நீ கெட்டினது ஈ இல்லட்டி, நங்கூரமாக்கும்” என்று அப்பா படுக்கும்வரை சிரித்தார்.

மறுநாள் கைப்பேசியில் ஈ கட்டும் காணொளி ஒன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சேவலின் கழுத்திறகு வேண்டும். அதுதான் விறைத்து நின்று ஈயைத் தண்ணீர்மேல் தாங்கும். “எனக்க சேவல மொட்டையடிச்சித்தான் ஒனக்க மவ மீனு புடிக்கணுமா?” என்று கேட்டவாறே வேளாங்கண்ணி சேவலைப் பிடித்தும் தந்தாள். நீயும் குறித்துக்கொள்: குறட்டில் முள்ளைக் கவ்வவைத்து, பிடி நழுவாதிருக்கக் கைப்பிடியில் ரப்பர் வளையம் மாட்டிவிடு. நூலில் மெழுகு தேய். சில சுற்றே போதும். கண்ணருகே சற்று இடம் விட்டு முடிச்சிடு.

வியாழன் மாலை புதிய ஈயைச் சட்டியில் இட்டேன். அப்பா செபமாலையை முன்னின்று சொன்னார். கடைசி மணி உருண்டபோதும் ஈ நிமிர்ந்து நின்றது. அவர் நிறுத்தவில்லை. மாதா மன்றாட்டுமாலையைத் தொடங்கினார். பிறகு உத்தரிக்கும் ஆன்மாக்களுக்கு, பிறகு நோயாளிகளுக்கு, பிறகு நம் துறையின் ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லி, தாம் முகம்கொடுத்துப் பேசாதவர்களின் படகுகளையும் விடாமல் வேண்டினார். செபத்தை இடைமறிக்கலாகாது என்று நான் ஈயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்ட இனி எவருமில்லை என்றான பின்னரே ஆமென் சொன்னார். விரலால் அதை அமுக்கியும் பார்த்தார். துள்ளி மேலே வந்தது. “கொள்ளாம்” என்று மெச்சினார். சட்டித் தண்ணீரை முருங்கை மூட்டில் ஊற்றிவிட்டு வந்து, “அங்க ஆறு எவ்ளோ ஆழம் காணும்?” என்று கேட்டார்.

ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது வர எண்ணியிருக்கிறோம். நேற்று அவரே பாஸ்போர்ட்டை எடுத்துத் துடைத்து வைத்தார்.

கடவுள் உன்னை ஆசீர்வதித்து, போக்கிலும் வரவிலும் காத்தருள்வாராக. ஒன்றை மறவாதே. இச்செய்தியை டிக்கெட் கைக்கு வந்ததும் தாமே சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே அவர் அழைக்கும்போது ஏதும் அறியாதவளாய் இரு. மிதந்த கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேள். நீட்டித்த செபத்தை அவர் சொல்லாமல் விட்டுவிடுவார், நீயும் கேளாமல் விட்டுவிடு.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
ஏ. மரிய பிரகாசி