ஆயிரம் பக்கம் படித்தவள்

மாமாவுக்கு,

சேந்தமங்கலத்துக்கு, அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன்.

நேற்று செம்மேட்டு நூலகக் கூட்டத்தில் அந்த இடைக்கால இங்கிலாந்து நாவலைப் பற்றி அருமையாகப் பேசினீர்கள். மற்றவர்களெல்லாம் போர்க் காட்சிகளையே புகழ்ந்தார்கள். நீங்கள் மட்டும், "சண்டைக்குப் போன பிரபு திரும்பி வந்ததும் கோட்டைச் சாவியைத்தான் கேக்கறான். அத்தனை வருசம் கோட்டையைக் காத்த பொண்டாட்டிகிட்ட, எப்படி இருந்தே புள்ளன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்களே" என்றீர்கள். கைதட்டல் அடங்கவே இல்லை.

அது களத்தில் மிளகு காயவைக்கும்போது நான் அழுதுகொண்டே உங்களிடம் சொன்னது. நீங்கள் அந்தப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கூட்டத்தின் தலைவர் முருகானந்தம் சார் என் பக்கம் திரும்பி, "நீங்களும் படிச்சீங்களாம்மா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"அவளுக்கு ஆயிரம் பக்கம் படிக்கப் பொறுமை ஏதுங்க? சீரியல் பாக்கவே நேரம் பத்தல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

அடுத்த மாதம் இரண்டாம் பாகத்தைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். நான் படித்து முடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்த முறை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு நானும் வருவேன். என்னை யாராவது கேட்டால், நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி